பஸ்ஸர் அடித்தால் முதலில் எதை நம்புவது?

அவுட்போர்டு எஞ்சினில் சூடு பஸ்ஸர் அடித்தால் கரையில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "இம்பெல்லரை மாத்து." மாற்றியும் அடித்தால், "தெர்மோஸ்டாட்டை மாத்து." அதற்கும் அடங்காவிட்டால், "அப்ப சென்சார் போயிருக்கும்." இப்படி வரிசையாகச் சாமான் வாங்கிப் போட்டு அலுத்துப்போய், கடைசியில் பஸ்ஸர் வயரையே வெட்டிவிட்டு நிம்மதியாகக் கடலுக்குப் போனவர்களும் எங்கள் பக்கம் உண்டு. அதில் ஒருவர் பிறகு எஞ்சினைப் பிஸ்டன் வரை பிரிக்க வேண்டியதாயிற்று. பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும்.

எனக்குத் தொழில் வண்டி வயரிங். லாரி, வேன், டிராக்டர் எல்லாம் பார்ப்பேன். அக்காவை மண்டபத்தில் கொடுத்திருக்கிறது. மச்சான் ஃபைபர் படகில் 40 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் வைத்து ஓட்டுகிறார். அவர் புண்ணியத்தில்தான் படகு எஞ்சின் எனக்குப் பழக்கம். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய டூ ஸ்ட்ரோக் காலத்தில் சென்சாரும் இல்லை, பஸ்ஸரும் இல்லை. சத்தம் கனத்துப்போகும், பெயின்ட் கருகும் வாடை வரும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த மூக்கும் காதும் இப்போதும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் பஸ்ஸர் அடித்ததும் அதையெல்லாம் மறந்து சாமான் கடைக்குப் போய் நிற்கிறார்கள்.

வயரிங் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு முதலில் வரும் கேள்வி வேறு. எஞ்சின் நிஜமாகவே கொதிக்கிறதா, இல்லை கொதிக்கிறது என்று சொல்லும் வயர் பொய் சொல்கிறதா? இது தெரியாமல் ஸ்பேனரைத் தொடுவது காசுக்குக் கேடு. இந்தக் கேள்விக்கான பதிலும் பெரும்பாலும் கடலிலேயே, பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும்.

அதற்கு முன்னால் தண்ணீர் போகும் வழி தெரிய வேண்டும். அவுட்போர்டில் ரேடியேட்டர் கிடையாது, கடல்தான் ரேடியேட்டர். ப்ரொப்பல்லருக்கு மேலே கியர் பெட்டியின் இரண்டு பக்கமும் சல்லடை மாதிரித் துளைகள் இருக்கும். அதன் வழியாகத் தண்ணீரை இழுப்பது ரப்பர் இதழ் வைத்த இம்பெல்லர். எஞ்சினிலிருந்து கீழே இறங்கும் ஷாஃப்டே அதையும் சுற்றுகிறது. தண்ணீர் ஒரு குழாயில் மேலே ஏறி, சிலிண்டரைச் சுற்றி, சூடு ஏறினால் திறக்கும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, புகையோடு சேர்ந்து ப்ரொப்பல்லர் வழியே வெளியேறும். இதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பிரிந்து, பின்பக்கம் ஒரு சின்னத் துளை வழியாக ஒல்லியாகப் பீய்ச்சி அடிக்கும். கடலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் கண் அந்தத் துளையில்தான். பல எஞ்சின்களில் அந்தக் கிளை பிரிவது தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சரி, நடுக்கடலில் பஸ்ஸர் அடிக்கிறது. இப்போது வரும் எஞ்சின்கள் பலவற்றில் கூடவே வேகமும் தானாக இறங்கிவிடும், சுமார் 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏறாது. எஞ்சின் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது அடக்கி வாசிக்கிறது. பஸ்ஸர் அடிப்பதாலேயே சூடுதான் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் பிரஷர் இறங்கினாலும் அடிக்கும், சிலவற்றில் பெட்ரோல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தாலும் அடிக்கும். எது எதற்கு என்ன விளக்கு, விட்டு விட்டு அடிக்குமா தொடர்ந்து அடிக்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் பேச்சே கிடையாது, உடனே அணைத்துவிட வேண்டும்.

சூடு விளக்கு என்றால் த்ராட்டிலை இறக்கி, நியூட்ரலில் போட்டு, பின்னால் எட்டிப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பீய்ச்சினால் ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விடலாம், தண்ணீர் சுற்றச் சுற்ற உடம்பு ஆறும். சூடாக இருக்கும்போது சட்டென்று அணைத்தால், சுற்றுகிற தண்ணீரும் நின்று, உள்ளே தங்கின சூடு ஹெட்டுக்கு ஏறிக் கொஞ்ச நேரம் இன்னும் கூடத்தான் செய்யும். அணைத்துவிட்டு உடனே சாவியைத் திருப்பிப் பார்த்து "இன்னும் அடிக்குதே" என்று பதறுவது இதனால்தான்.

எஞ்சினில் கை வைப்பதற்கு முன்னால் நங்கூரம். பாம்பன் கால்வாய்ப் பக்கம் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று அங்கே படகு ஓட்டினவர்களுக்குத் தெரியும். கவரைக் கழற்றிவிட்டு எல்லாரும் குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படகு பாறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.

பிறகு எஞ்சினைத் தூக்கிக் கீழ்ச் சல்லடையைப் பாருங்கள். மண்டபத்துக்கு வடக்கே இருக்கும் வடகடலில் பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். கடற்புல், பிளாஸ்டிக் பை, கிழிந்த வலைத்துண்டு, சீசனில் சொறி. சொறிமீனைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கே கடல்நீர் இழுக்கும் வாயில் கூட்டமாகப் புகுந்து தொல்லை கொடுத்த ஜீவன் அது, நம்முடைய விரல் நுழையாத சல்லடை அதற்கு எம்மாத்திரம். பிளாஸ்டிக் பையில் ஒரு குணம் உண்டு. ஓடும்போது ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் கழன்று மிதந்து போய்விடும். தூக்கிப் பார்த்தால் எதுவுமே இருக்காது, மறுபடி கிளப்பினால் எஞ்சின் ஒழுங்காக ஓடும். அப்படி ஓடி, பஸ்ஸர் திரும்பி வரவே இல்லை என்றால் அது பைதான். விட்டுவிடலாம்.

பீய்ச்சும் தண்ணீரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அது இரண்டு விதமாக ஏமாற்றும். ஒன்று, தண்ணீர் வராது, ஆனால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும். அது வெறும் துளை அடைப்பு. உப்பு கட்டியிருக்கும், இல்லையென்றால் குளவி. சிரிக்காதீர்கள், கரையில் ரெண்டு மாசம் ஏற்றிப் போட்ட எஞ்சினில் அந்தத் துளைதான் குளவிக்கு வசதியான வீடு. உள்ளே மண்ணை அப்பிவிட்டுப் போயிருக்கும். நைலான் நரம்பை விட்டுக் குத்தினால் மண் உதிர்ந்து தண்ணீர் சீறிக்கொண்டு வரும். இன்னொன்று இதற்கு நேர் எதிர். தண்ணீர் ஜோராகப் பீய்ச்சும், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். கிளை பிரிவது தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் என்று சொன்னேன் அல்லவா, தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். பம்ப் நல்லாயிருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தத் தண்ணீர் சாட்சி. ஹெட்டின் நிலைமை அதற்குத் தெரியாது.

அதனால் நான் கையோடு வைத்திருப்பது ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது இல்லை. அது உடம்புச் சூட்டுக்கு மேல் போனால் காட்டாது. பட்டறைக்கென்று விற்கும் துப்பாக்கி மாதிரி ரகம் வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், ஹெட்டில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் காட்ட வேண்டும். எஞ்சின் நல்லாயிருக்கும் ஒரு நாளில் ஓட்டிப் பார்த்து, ஹெட்டில், தெர்மோஸ்டாட் மூடியில், சென்சார் பக்கத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று மார்க்கரால் கவரின் உள்பக்கம் எழுதி வைத்துவிட்டேன். கெட்ட நாளில் ஒத்துப்பார்க்க அதுதான் கணக்கு.

போன வாடைக்கு முன்னால் மச்சானிடமிருந்து போன். "மாப்ள, தண்ணி நல்லா அடிக்குது, பஸ்ஸர் மட்டும் நிக்க மாட்டேங்குது. மெதுவாப் போனா இல்ல, வேகம் குடுத்தாத்தான் கத்துது. வயரைக் கழட்டி விட்ரவா?"

"கழட்டாதீங்க மச்சான், நாளைக்கு வாரேன்."

அதற்குள் அவர் வேறு ஒருவரிடம் காட்டி, இம்பெல்லரும் தெர்மோஸ்டாட்டும் புதிதாக ஏறியிருந்தன. மறுநாள் இரண்டு பேரும் கரையோரமாகவே ஓட்டினோம். வேகம் கொடுத்ததும் பஸ்ஸர். நான் கவரைத் தூக்கி ஹெட்டில் காட்டினேன். கவரில் எழுதி வைத்திருந்த கணக்குக்கும் அதற்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். எஞ்சினில் கோளாறே இல்லை. அப்புறம் எதற்கு அடிக்கிறது?

அந்த மாடலில் இருப்பது சூட்டு ஸ்விட்ச். குறிப்பிட்ட சூடு வந்தால் உள்ளே தொடுப்பு விழுந்து, வயரை எர்த்தோடு சேர்க்கும், பஸ்ஸர் அடிக்கும். அப்படியானால் அந்த வயர் வழியில் எங்கேயாவது உறை தேய்ந்து எஞ்சின் உடம்பில் பட்டாலும் பஸ்ஸருக்கு அதே சேதிதான் போகும். ஸ்விட்ச் முனையில் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டினோம். அப்போதும் அடித்தது. ஆக, ஸ்விட்ச் குற்றவாளி இல்லை. அங்கிருந்து வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால், கிளாம்ப் ஒன்றுக்குள் நுழையும் இடத்தில் உறை வழுவழுப்பாகத் தேய்ந்து, தாமிரம் அரை நகம் அகலத்துக்குத் தெரிந்தது. தாமிரம் என்றா சொன்னேன், பச்சைக் களிம்பு. மெதுவாகப் போகும்போது படாது, வேகத்தில் எஞ்சின் அதிரும்போது மட்டும் கிளாம்பில் படும். களிம்பு ஏறின இடத்தை வெட்டி, புது வயர் சேர்த்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங் குழாய் போட்டு, கிளாம்பை விட்டுத் தள்ளிக் கட்டினேன். ஆன செலவு ஒரு டீ காசு. புது இம்பெல்லருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் கொடுத்தது போனதுதான்.

ஒரு எச்சரிக்கை. வயரைப் பிடுங்கிப் பார்க்கும் இந்த வித்தை ஸ்விட்ச் ரகத்துக்குத்தான். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின்களில் இருப்பது சூட்டை அளக்கும் சென்சார், சூடு ஏற ஏற அதன் தடை குறையும். அதைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் குழம்பி வேறொரு கோளாறைப் பதிவு செய்துகொள்ளும். அதை மல்டிமீட்டரால்தான் அளக்க வேண்டும், எந்தச் சூட்டில் எத்தனை ஓம்ஸ் என்ற பட்டியல் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். முள் வைத்த சூட்டு மீட்டர்களில் பொதுவான வழக்கம், வயர் அறுந்தால் முள் எழும்பாது, எர்த்தில் பட்டால் முள் கடைசிக்குப் போய் நிற்கும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியைத் திருப்பினதுமே முள் உச்சிக்குப் போனால் அது சூடே இல்லை. படகில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பையோ விளக்கையோ போடும்போது சூட்டு முள், பெட்ரோல் முள் எல்லாம் சேர்ந்தாற்போல ஆடினால் எந்தச் சென்சாரையும் தொடாதீர்கள். எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு வரும் எர்த் வயரின் நட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். படகு வயரிங்கில் நான் பார்த்த தகராறுகளில் முக்கால்வாசி எர்த்தும் களிம்பும்தான். லாரியில் பத்து வருஷம் நிற்கும் முடிச்சு, உப்புக்காற்றில் ஒரு வாடையைத் தாண்டாது.

இனி நிஜமான சூடு. எந்த வேகத்தில் சூடாகிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஐடிலில் சூடாகி, வேகம் கொடுத்தால் ஆறுகிறது என்றால் பம்ப் பலவீனம், இம்பெல்லர் தேய்ந்திருக்கும். வேகத்தில் மட்டும் சூடாகிறது என்றால் வழியில் எங்கோ அடைப்பு. சல்லடையோ, உள்ளே உப்புக் கட்டிய பாதையோ. இன்னொன்றையும் பாருங்கள், எஞ்சின் மாட்டியிருக்கும் உயரம். படகின் பின்பலகை உயரத்துக்கும் எஞ்சினின் ஷாஃப்ட் நீளத்துக்கும் பொருந்தாமல் மாட்டியிருந்தாலோ, வலையும் ஐஸ் பெட்டியும் முன்னால் ஏற்றி முன்பக்கம் அழுந்திக் கிடந்தாலோ, அலையில் பின்பக்கம் எழும்பும்போது சல்லடை தண்ணீருக்கு வெளியே வந்து காற்றை இழுக்கும். சாமானைப் பின்னால் நகர்த்தினால் சரியாகிற நோய்க்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு.

இம்பெல்லர் மாற்றும் வேலையைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் பிசகு அதிகம். கரையில், கீழே தார்ப்பாய் விரித்துச் செய்யுங்கள். கீழ்ப்பாகத்தை இறக்கும்போது ஷாஃப்டில் இம்பெல்லரைப் பிடித்திருக்கும் சின்ன கீ ஒன்று தெறித்துவிழும், மணலில் விழுந்தால் போச்சு. இம்பெல்லர் எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். பெரும்பாலும் ஆறு இருக்கும். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு எங்கே? அது காற்றில் கரையவில்லை, தண்ணீர்க் குழாய்க்குள் ஏறி எங்கோ குறுக்கே படுத்திருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால், ரெண்டு நாள் ஓடிவிட்டு மறுபடி பஸ்ஸர். இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் கிண்ணத்தில் விரலை விட்டுப் பாருங்கள். வாடைக்காலத்தில் வடகடல் கலங்கிச் சேறாகக் கிடக்கும்போது ஓட்டின படகென்றால் அங்கே கோடு கோடாகக் கீறியிருக்கும். நகம் மாட்டுகிற அளவு கீறல் என்றால் கிண்ணத்தையும் மாற்ற வேண்டும். வெறும் ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டால் தண்ணீர் அந்தக் கீறல் வழியே நழுவும்.

புது இம்பெல்லரில் கிரீஸ் தடவி, ஷாஃப்டை அது சுற்றும் திசையிலேயே திருப்பிக்கொண்டு கிண்ணத்துக்குள் இறக்குங்கள், இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் கிரீஸாக இருக்கட்டும், கையில் கிடைத்த பெட்ரோலியக் கிரீஸ் வேண்டாம். பிறகு கீழ்ப்பாகத்தை மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாயின் முனை பம்பின் ரப்பர் வாய்க்குள் சரியாக உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உட்காராவிட்டால் எல்லா போல்ட்டும் அழகாக இறுகும், தண்ணீர் மட்டும் மேலே ஏறாது. "நேத்துத்தான் புதுசு போட்டேன், அதுக்குள்ள போயிருச்சு" என்று சொல்கிற இம்பெல்லர்களில் பல உண்மையில் போகவில்லை, குழாய் விலகியிருக்கும். எல்லாம் முடிந்ததும் "ஒரு தடவை கிளப்பிப் பார்ப்போம்" என்று தண்ணீர் இல்லாமல் கிளப்பவே கூடாது. அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். ஒரு நிமிஷத்துக்குள்ளேயே கருகிவிடும்.

தெர்மோஸ்டாட்டுக்கு நான் செய்வது வீட்டு வைத்தியம். நூலில் கட்டிப் பழைய அலுமினியப் பாத்திரத்துத் தண்ணீரில், அடியில் படாமல் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்து, கூடவே ஒரு தெர்மாமீட்டர். எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்று பல தெர்மோஸ்டாட்டுகளில் தகட்டிலேயே அடித்திருக்கும். காரில் பொதுவாக 80 டிகிரிக்கு மேல் திறக்கும். கடல்நீர் நேரடியாகச் சுற்றும் எஞ்சினில் 50, 60 டிகிரியிலேயே திறந்துவிடும்படி வைத்திருப்பார்கள். காரணம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது, அதில் சுண்ணாம்புச் சத்து சூடு ஏற ஏறச் சுவரில் படியத் தொடங்கும். காரின் தெர்மோஸ்டாட் அளவு ஒத்துப்போகிறது என்று யாராவது மாட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். படிந்த வெள்ளைச் சுண்ணாம்பு வினிகரில் ஊறவைத்தால் போகும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் சுண்ணாம்போடு சேர்த்து அலுமினியமும் போகும்.

இதையெல்லாம் பார்த்தும் சூடு அடங்கவில்லை என்றால் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். அதற்குமேல் அது என் வேலை இல்லை, பெரிய மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

உள்ளே டீசல் எஞ்சின் வைத்த படகுகள் தனிக் கதை. அதில் பலவற்றில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும், ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் கடல்நீர். கடல்நீர்ப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியின் மூடி. அதன் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். பெல்ட் தொய்வு, எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் சிப்பியும் இம்பெல்லர் துண்டும், புகையும் தண்ணீரும் சேரும் வளைவுக் குழாயில் கரியும் உப்பும் அடைத்திருப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே வேண்டாம், முகத்தில் அடிக்கும்.

இதுவரை அடிக்கிற பஸ்ஸரைப் பற்றிப் பேசினோம். எனக்கு அதிகம் பயம் அடிக்காத பஸ்ஸர்தான். பல எஞ்சின்களில் சாவியைத் திருப்பினதும் ஒரு தரம் 'பீப்' என்று கத்தும். அது வரவில்லை என்றால் பஸ்ஸர் செத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், முன்பு யாரோ வெட்டியும் விட்டிருக்கலாம். பழைய படகு வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ஸ்விட்ச் ரகமாக இருந்தால், சாவியை ஆன் பண்ணி, ஸ்விட்ச்சுக்கு வரும் வயரை எஞ்சின் உடம்பில் தொட்டுப் பாருங்கள். கத்தினால் வயரும் பஸ்ஸரும் நல்லது.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசுவதை எல்லாரும் சொல்வார்கள், எப்படி என்று சொல்ல மாட்டார்கள். சல்லடையில் ரப்பர்க் கிண்ணம் மாட்டி, அதன் வழியே தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டி அலசுகிற முறையில், தெர்மோஸ்டாட் திறக்கிற அளவு எஞ்சின் சூடாகும் வரை ஓட்ட வேண்டும். இரண்டு நிமிஷத்தில் அணைத்தால் ஹெட்டுக்குள் கடல்நீர் அப்படியே நிற்கும். பக்கவாட்டில் ஹோஸ் மாட்டும் வாய் இருக்கிற எஞ்சின்களில் பெரும்பாலும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும், புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கடைசியில் எஞ்சினை நேராக நிறுத்தித் தண்ணீர் முழுக்க வடியவிடுங்கள்.

மச்சான் இப்போது கேட்பது வேறு. ஸ்விட்ச் ஒரேயடியாகக் கத்துகிறதே, அதற்கு முன்னாலேயே சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது தெரிய வழியில்லையா என்கிறார். நியாயமான கேள்வி. ஹெட்டில் தனியாக ஒரு சென்சார் உட்காரவைத்து, கம்பெனி வயரிங்கைத் தொடாமல், ஸ்டியரிங் பக்கத்தில் டிகிரி காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வைக்கலாம். வழக்கத்தைவிட ஐந்தாறு டிகிரி கூடினாலே சல்லடையைப் பார்க்கச் சொல்லிவிடும். மீட்டர் வாங்கியாயிற்று. உப்புத்தண்ணீர் புகாத கனெக்டர்தான் இன்னும் கிடைக்கவில்லை. ராமநாதபுரத்தில் கேட்ட கடைகளில் எல்லாம் பைக் கனெக்டரை எடுத்து நீட்டுகிறார்கள்.